மட்டை உரிக்காத தேங்காய்

1. பழவங்காடியில் ஒரு பூக்கடை

திருவனந்தபுரம் நகரத்தில் பழவங்காடி என்று ஓர் இடம் இருக்கிறது. அது கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் உள்ளது. அங்கே ஒரு கணபதி கோயில் இருக்கிறது.

இந்தக் கோயிலை இந்திய ராணுவம் பராமரிக்கிறது. முன்பு திருவிதாங்கூர் அரசின் படைவீரர்கள் இந்தப் பிள்ளையாரைக் கும்பிட்டு வந்தார்கள். அப்போது அரசின் தலைநகரம் பத்மநாபபுரம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. படையோடு பிள்ளையாரும் இங்கே வந்தார் என்று சொல்வார்கள்.

இங்கே தினமும் தேங்காய் உடைப்பார்கள். புதுத் தொழில் தொடங்குகிறவர்கள் உடைப்பார்கள். பரீட்சை எழுதப் போகிறவர்கள் உடைப்பார்கள். புது வண்டி வாங்கியவர்களும் உடைப்பார்கள். ‘டப் டப்’ என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் பூ விற்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவருக்குச் சொந்த ஊர் தோவாளை. தோவாளை தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள பூச்சந்தை பேர்பெற்றது. அங்கிருந்து கேரளத்துக்கும் பூ போகிறது.

பூக்கடைக்காரர் ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார். குடும்பத்துக்கு அதுதான் கை, அதுதான் கால். காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். சாலைக் கடைத்தெருவில் வாழைநார் வாங்க வேண்டும். மாலை கேட்ட வீடுகளுக்கு மாலை கொடுக்க வேண்டும். வங்கிக்கும் ரேஷன் கடைக்கும் போக வேண்டும். எல்லாம் அந்த வண்டியில்தான்.

மாதம் ஒரு முறை அதே வண்டியில் தோவாளைக்குப் போவார். அங்கே அம்மாவைப் பார்ப்பார். சந்தையில் பூ வியாபாரிகளின் கணக்கைத் தீர்ப்பார். போக ஏறக்குறைய 80 கிலோமீட்டர். வர 80 கிலோமீட்டர்.

2. தூரம் போகும்போது ஒரு மாதிரி

தோவாளைக்குப் போகிற நாள் என்றால் அவர் முதல்நாளே தயாராகிவிடுவார்.

டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பார். பிரேக் பிடித்துப் பார்ப்பார். செயினுக்கு எண்ணெய் போடுவார். முன் விளக்கு, பின் விளக்கு இரண்டையும் எரித்துப் பார்ப்பார். வண்டிக் காகிதங்களைப் பையில் வைப்பார். ஹெல்மெட்டைத் துடைத்து வாசலில் வைப்பார்.

காலையில் கோயில் முன்னால் நின்று கும்பிடுவார். ஹெல்மெட்டை மாட்டுவார். வாரைப் பூட்டுவார். பிறகுதான் வண்டியை எடுப்பார்.

வழி அவருக்கு மனப்பாடம். கிள்ளிப்பாலம், கரமனை, நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை. அதன் பிறகு களியக்காவிளை வரும். அதுதான் இரண்டு மாநிலங்களின் எல்லை. பிறகு குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில். அங்கிருந்து வெள்ளமடம் வழியாகத் தோவாளை.

தக்கலைக்குப் பக்கத்தில்தான் பத்மநாபபுரம் இருக்கிறது. பிள்ளையார் புறப்பட்டு வந்த ஊர் அது. “பிள்ளையார் வந்த வழியிலேதான் நான் ஊருக்குப் போறேன்” என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார்.

3. பக்கத்தில் போகும்போது வேறு மாதிரி

ஆனால் சாலைக் கடைத்தெருவுக்குப் போகும்போது இதில் எதுவும் கிடையாது. கடைத்தெரு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஹெல்மெட் வீட்டில் ஆணியில் தொங்கும். மகள் முன்னால் டாங்கின் மேல் உட்காருவாள். சில நாள் மனைவியும் பின்னால் ஏறிக்கொள்வார். ஆக மொத்தம் மூன்று பேர்.

“ஏங்க, ஹெல்மெட் எடுக்கலையா?” என்று மனைவி கேட்பார்.

“இந்தா இருக்கு கடைத்தெரு. இதுக்குப் போயா?” என்பார் அவர்.

ஜூலை மாதம். மழைக்காலம். ஒரு நாள் காலை மழை விட்டிருந்தது. ரோடு ஈரமாக இருந்தது. நல்லவேளை, அன்று மகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அவர் தனியாகக் கிளம்பினார். வாழைநார்க் கட்டை வாங்கினார். கைப்பிடியில் தொங்கவிட்டார். திரும்பி வந்தார்.

முன்னால் போன ஆட்டோ திடீரென்று நின்றது. அவர் பயந்து போனார். முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்கிப் பிடித்தார். கைப்பிடியில் கட்டு தொங்கியதால் திருப்ப முடியவில்லை. சக்கரம் வழுக்கியது. அவர் கீழே விழுந்தார். நெற்றி ரோட்டில் மோதியது.

வண்டி வேகமாகப் போகவில்லை. சைக்கிளை விடச் சற்றுக் கூடுதல் வேகம்தான். ஆனாலும் நெற்றியில் ஏழு தையல். இரண்டு நாள் தலைசுற்றல். பத்து நாள் கடை திறக்கவில்லை. பத்து நாள் வருமானம் போயிற்று.

4. கல்லுக்குத் தெரியுமா?

வண்டியைச் சரிசெய்ய மெக்கானிக்கிடம் கொண்டு போனார். மெக்கானிக் மார்த்தாண்டத்துக்காரர். பழக்கமானவர்.

“தோவாளைக்குப் போயிட்டு வரும்போதா அண்ணாச்சி?” என்று மெக்கானிக் கேட்டார்.

“இல்ல தம்பி. சாலையிலே.”

“அப்போ ஹெல்மெட்?”

பூக்கடைக்காரர் பதில் சொல்லவில்லை. கூட வந்த மனைவிதான் பேசினார்.

“தினமும் கோயில்லே தேங்காய் உடைக்கிறதைப் பார்க்கிறோம். இந்தத் தேங்காய் தோவாளையிலேருந்து வந்ததா, சாலையிலேருந்து வந்ததான்னு கல்லு கேட்குமா? எதுவா இருந்தாலும் உடைச்சுத்தானே போடுது!”

மெக்கானிக் தலையாட்டினார்.

“மதினி சொல்றது சரி. இன்னொண்ணும் பாருங்க அண்ணாச்சி. தென்னை மரத்து உச்சியிலேருந்து தேங்காய் விழுது. எவ்வளவு உயரம்! ஆனா உடையறது இல்ல. ஏன்? மட்டை இருக்கு. மட்டையை உரிச்சுட்டா இடுப்பு உயரத்திலேருந்து போட்டாலே உடைஞ்சிடும். ஹெல்மெட்தான் நம்ம மட்டை.”

பூக்கடைக்காரர் நெற்றித் தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

5. ஹெல்மெட் எப்படிக் காப்பாற்றுகிறது?

மெக்கானிக் சொன்னது வெறும் பேச்சு அல்ல. அதில் கணக்கு இருக்கிறது.

வண்டியில் இருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருளைக் கீழே விடுவோம். அது தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் இருக்கும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இதே வேகம்தான். வண்டி ஓடாவிட்டாலும் தலை விழும். தரை கல்லாகத்தான் இருக்கும்.

ஹெல்மெட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. வெளியே கெட்டியான ஓடு. உள்ளே தெர்மாகோல் போன்ற ஒரு பொருள். விழும்போது இந்த உள்பகுதி நசுங்கும். அடியின் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். மூளைக்குப் போகும் அடி குறையும். தேங்காய் மட்டையின் நார் செய்யும் வேலையும் இதுதான்.

ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. உள்ளே ஏற்கனவே நசுங்கியிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது.

பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை மருத்துவர்கள் 2008இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஹெல்மெட் போடுவதால் விபத்தில் சாகும் ஆபத்து நூற்றுக்கு 42 பங்கு குறைகிறது. தலையில் அடிபடும் ஆபத்து நூற்றுக்கு 69 பங்கு குறைகிறது.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இது மத்திய அரசின் கணக்கு. ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் ஏறக்குறைய 50,000 பேர். அவர்களில் பின்னால் உட்கார்ந்து போனவர்களும் பல ஆயிரம் பேர்.

6. தபால் நிலையத்துக்குப் போன வீரர்

இங்கிலாந்து நாட்டில் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். முதல் உலகப் போரில் அரபு நாட்டுப் பாலைவனத்தில் போரிட்டவர். உலகம் முழுவதும் பேர்பெற்றவர். அவருக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பெரிய மோட்டார் சைக்கிள்கள் வைத்திருந்தார். நீண்ட தூரம், மிக வேகமாக ஓட்டுவார்.

அவர் இறந்தது நீண்ட பயணத்தில் அல்ல. 1935 மே 13ஆம் தேதி பக்கத்தில் இருந்த தபால் நிலையத்துக்குப் போனார். வேலையை முடித்துவிட்டு வீடு திரும்பினார். வழியில் ரோடு பள்ளமாக இறங்கி ஏறும். முன்னால் சைக்கிளில் போன இரண்டு சிறுவர்கள் கடைசி நேரத்தில்தான் கண்ணில் பட்டார்கள். அவர்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பினார். தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த அடி. அவர் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. அந்தக் காலத்தில் அந்தப் பழக்கமும் இல்லை. ஆறு நாள் கழித்து, மே 19ஆம் தேதி இறந்தார். வயது 46.

அவரைக் காப்பாற்ற முயன்ற மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். அவர் மூளை அறுவை மருத்துவர். பிறகு அவர் மோட்டார் சைக்கிளில் போய் இறந்தவர்களைப் பற்றி ஆராய்ந்தார். ஹெல்மெட் போட்டால் உயிர் பிழைக்கலாம் என்று 1941இல் எழுதினார். அதே ஆண்டில் இங்கிலாந்து ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

பாலைவனத்துக்கும் போருக்கும் தப்பியவர் லாரன்ஸ். தபால் நிலையத்துக்குப் போய்வரும் வழி அவர் உயிரைக் கொண்டுபோய்விட்டது. பக்கத்து வழி என்பதால் ஆபத்து குறைந்துவிடாது.

7. சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் ஆண்டில் வந்தது. அதில் தூரத்துக்கு ஒரு விதி, பக்கத்துக்கு ஒரு விதி என்று கிடையாது.

* கியர் உள்ள வண்டியை ஓட்ட 18 வயது முடிந்திருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் வேண்டும். இதை லைசென்ஸ் என்கிறோம்.

* ஓட்டுகிறவரோடு ஒருவர்தான் உட்காரலாம். மூன்று பேர் போகக் கூடாது.

* ஓட்டுகிறவரும் பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் போட வேண்டும். நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் போட வேண்டும். கேரளத்தில் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பதை 2019 டிசம்பர் 1 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார்கள்.

* நாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு 2023இல் விதி வந்தது. குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வார் வேண்டும். ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குச் சின்ன ஹெல்மெட் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

* வண்டிக்குப் பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று மூன்றும் வேண்டும். பதிவுச் சான்றைத்தான் ஆர்.சி. புத்தகம் என்கிறோம். காப்பீடுதான் இன்சூரன்ஸ்.

நம் வண்டி மோதி வேறொருவருக்கு அடிபடலாம். அவருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டி வரும். அந்தப் பணத்தைக் காப்பீடு கொடுக்கும். காப்பீட்டின் தேதி முடிந்திருந்தால் நாம்தான் கொடுக்க வேண்டும். அதற்காக வீட்டையே விற்க நேரலாம். அதனால் காப்பீட்டுக் காகிதத்தில் முடியும் தேதியைப் படித்துப் பாருங்கள். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

1956 நவம்பர் 1 முதல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. எல்லை தாண்டும்போது வேறு லைசென்ஸ் வேண்டுமா? வேண்டாம். ஒரு மாநிலத்தில் வாங்கிய லைசென்ஸ் இந்தியா முழுவதும் செல்லும். ஆனால் வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு எண் வாங்க வேண்டும்.

8. நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?

ஆபத்தைக் கண்டவுடன் வண்டி நின்றுவிடாது. கண் பார்க்க வேண்டும். மனம் புரிந்துகொள்ள வேண்டும். கை பிரேக்கைப் பிடிக்க வேண்டும். இதற்கே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். அந்த ஒரு விநாடியும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

காய்ந்த ரோட்டில் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்.

30 கிலோமீட்டர் வேகம்: பிரேக் பிடிப்பதற்குள் 8 மீட்டர். பிடித்த பிறகு 7 மீட்டர். மொத்தம் 15 மீட்டர்.

60 கிலோமீட்டர் வேகம்: பிரேக் பிடிப்பதற்குள் 17 மீட்டர். பிடித்த பிறகு 28 மீட்டர். மொத்தம் 45 மீட்டர்.

வேகம் இரண்டு மடங்கு ஆனது. நிற்கும் தூரம் மூன்று மடங்கு ஆகிவிட்டது. ஈர ரோட்டில் இன்னும் அதிகம் ஆகும்.

அதனால் முன்னால் போகும் வண்டிக்குப் பின்னால் இடம் விட வேண்டும். எவ்வளவு இடம்? ரோட்டோரம் ஒரு கம்பத்தைப் பாருங்கள். முன்வண்டி அதைத் தாண்டியதும் “ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு” என்று சொல்லுங்கள். சொல்லி முடிக்கும் முன்பே நீங்கள் கம்பத்துக்கு வந்துவிட்டால் மிக நெருங்கிப் போகிறீர்கள் என்று பொருள். மழையில் “ஆயிரத்து நான்கு” வரை எண்ண வேண்டும்.

9. மழையில் ஓட்டுவது

திருவனந்தபுரத்தில் ஜூன் மாதத்தில் ஒரு மழைக்காலம் தொடங்கும். அக்டோபர், நவம்பரில் இன்னொன்று வரும்.

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் கவனம் தேவை. ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலக்கும். ரோடு வழவழப்பாகும். அந்த நேரத்தில் ஓரமாக ஒதுங்கி நிற்பது நல்லது.

ரோட்டில் பூசிய வெள்ளைக் கோடு ஈரத்தில் வழுக்கும். சாக்கடையின் இரும்பு மூடி வழுக்கும். அவற்றின் மேல் வண்டியைத் திருப்பக் கூடாது. அங்கே பிரேக்கும் பிடிக்கக் கூடாது.

இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மெதுவாகத் தொடங்கி, வரவர அழுத்த வேண்டும். வண்டி நேராக இருக்கும்போது பிடிக்க வேண்டும். வளைவில் சாய்ந்திருக்கும்போது சட்டென்று பிடித்தால் சக்கரம் வழுக்கும். பூக்கடைக்காரருக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். முன் பிரேக்கை மட்டும், ஒரேயடியாகப் பிடித்தார்.

கைப்பிடியில் பை தொங்கக் கூடாது. சாமானைப் பின்னால் வைத்து இறுகக் கட்ட வேண்டும். பின் விளக்கை மறைக்கக் கூடாது.

பின்னால் உட்காரும் பெண்கள் சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்ள வேண்டும். துணி சக்கரத்தில் சிக்கினால் கழுத்தை இறுக்கும். பின் சக்கரத்தின் பக்கத்தில் மறைப்பு இருக்க வேண்டும். பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்கும் இடமும் இருக்க வேண்டும். இவை மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும் என்பது விதி. அழகுக்காக அவற்றைக் கழற்றக் கூடாது.

10. நீண்ட தூரம் போகும்போது

நீண்ட பயணத்தில் கூடுதலாக ஒரு பகைவன் உண்டு. அவன் பெயர் தூக்கம்.

பூச்சந்தை விடியற்காலையில் கூடும். அதற்காகச் சிலர் நள்ளிரவு தாண்டியதும் கிளம்புவார்கள். இரவு 2 மணி முதல் 5 மணி வரை உடம்பு தூக்கத்தைத்தான் கேட்கும். கண் திறந்தே இருக்கும். ஆனால் மனம் ஒரு கணம் தூங்கிவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கணம் தூங்கினால் வண்டி 17 மீட்டர் ஓடியிருக்கும்.

கொட்டாவி வந்துகொண்டே இருந்தால் நிறுத்துங்கள். வந்த வழி மறந்துபோனாலும் நிறுத்துங்கள். ஒரு தேநீர் மட்டும் போதாது. 20 நிமிடம் கண்ணை மூடிப் படுங்கள். தூக்கம் வராவிட்டாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கிக் கை காலை நீட்டுங்கள். தண்ணீர் குடியுங்கள்.

முடிந்தால் வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். பகலிலும் முன் விளக்கு எரிந்தால் நல்லது. எதிரே வருகிறவருக்கு நம் வண்டி சீக்கிரம் தெரியும். 2017 ஏப்ரல் முதல் வந்த புது வண்டிகளில் விளக்கு தானாகவே எரிகிறது. அதற்குக் காரணம் இதுதான்.

குடித்துவிட்டு ஓட்டவே கூடாது. தூரமானாலும் சரி, தெருமுனையானாலும் சரி.

11. விபத்தைப் பார்த்தால்

அன்று பூக்கடைக்காரர் விழுந்தபோது சுமை தூக்கும் ஒருவர் ஓடிவந்தார். தன் துண்டை மடித்து நெற்றிக் காயத்தில் அழுத்தினார். ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு போனார். பெயர்கூடச் சொல்லவில்லை. போய்விட்டார்.

பலருக்கு உதவ மனம் இருக்கும். “போலீஸ் நம்மைப் பிடிக்குமோ? கோர்ட்டுக்கு அலைய வேண்டுமோ?” என்ற பயமும் இருக்கும். இந்தப் பயம் வேண்டாம். உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இதைச் சேர்த்தார்கள். உதவியவர் விரும்பாவிட்டால் பெயர் சொல்ல வேண்டியதில்லை.

விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரம் உயிர் காக்கும் நேரம். 108 அல்லது 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கேரளம், தமிழ்நாடு இரண்டிலும் இந்த எண்கள் உண்டு. ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்துங்கள். மயங்கிக் கிடப்பவருக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள். ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். கழுத்தில் அடிபட்டிருக்கலாம்.

12. ஆணி காலியானது

பத்து நாள் கழித்துப் பூக்கடை மறுபடி திறந்தது.

முதல் வேலையாக மூன்று பேரும் ஹெல்மெட் கடைக்கு நடந்தே போனார்கள். மனைவிக்கு ஒன்று. மகளுக்கு ஒரு சின்னது. பூக்கடைக்காரரின் பழைய ஹெல்மெட் நன்றாகவே இருந்தது. அது ஒருநாளும் அடிபட்டதில்லை. அடிபட வேண்டிய அன்று அது ஆணியில் அல்லவா தொங்கியது!

கடைக்காரர் ஒரு மலிவான தொப்பியைக் காட்டினார். மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் இரண்டு ஆண்டு முன்புதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர்.

“இதிலே ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லையே” என்றார்.

கடைக்காரர் வேறு ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தார். அதில் முத்திரை இருந்தது. ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருந்தது. மகள் மாட்டிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். ஹெல்மெட் ஆடவில்லை. வாரைப் பூட்டினார்கள். வாருக்கும் தாடைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் அளவு இடம் இருந்தது. அதுதான் சரியான அளவு.

அன்று முதல் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. மூன்று பேராக வண்டியில் ஏறுவது இல்லை. மனைவி கடைக்கு நடந்து போவார். நடக்க ஐந்து நிமிடம்தான். மகள் பின்னால் உட்காருவாள்.

மறுநாள் காலை பூக்கடைக்காரர் வண்டியை எடுத்தார். பழக்கம் விடவில்லை. வெறுந்தலையோடு உதைக்கப் போனார்.

“அப்பா, மட்டை!” என்றாள் மகள்.

“சரி மக்ளே” என்று அவர் இறங்கினார். உள்ளே போய் ஹெல்மெட்டை எடுத்து வந்தார். கோயிலில் யாரோ தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டது. அவர் வாரைப் பூட்டினார். பிறகு சாவியைத் திருப்பினார்.

பள்ளிக்கூடம் ஒரு கிலோமீட்டர் தூரம்தான்.

பயிற்சி

சொல் அறிவோம்

பராமரித்தல் – பேணிக் காத்தல்
காப்பீடு – நஷ்டம் வந்தால் பணம் கிடைக்க முன்கூட்டியே செய்யும் ஏற்பாடு
நஷ்டஈடு – இழப்புக்குக் கொடுக்கும் பணம்
முத்திரை – தரத்தைக் காட்டும் அடையாளம்
கணம் – மிகச் சிறிய நேரம்

படித்துப் பதில் சொல்வோம்

1. தோவாளைக்குப் போகும் முன் பூக்கடைக்காரர் எதையெல்லாம் பார்த்தார்?
2. சாலைக் கடைத்தெருவில் அவர் ஏன் விழுந்தார்? மூன்று காரணங்கள் சொல்லுங்கள்.
3. தேங்காய் மட்டையும் ஹெல்மெட்டின் உள்பகுதியும் எந்த வகையில் ஒன்று?
4. லாரன்ஸ் எங்கே போய்விட்டுத் திரும்பும்போது அடிபட்டார்?

கணக்குப் போடுவோம்

1. பழவங்காடியிலிருந்து தோவாளை 80 கிலோமீட்டர். போய்வர மொத்தம் எத்தனை கிலோமீட்டர்?
2. வண்டி ஒரு லிட்டர் பெட்ரோலில் 50 கிலோமீட்டர் ஓடும். போய்வர எத்தனை லிட்டர் வேண்டும்?
3. ஒரு லிட்டர் பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவு எவ்வளவு?
(விடை: 160 கிலோமீட்டர், 3.2 லிட்டர், 320 ரூபாய்)
4. பூக்கடைக்காரருக்கு ஒரு நாள் வருமானம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் கடை திறக்காததால் எவ்வளவு நஷ்டம்? அந்தப் பணத்தில் என்னென்ன வாங்கியிருக்கலாம்?

செய்து பார்ப்போம்

வீட்டில் வண்டி இருந்தால் இன்றே நான்கு தேதிகளைப் படித்து எழுதி வையுங்கள்: லைசென்ஸ் முடியும் தேதி, பதிவுச் சான்று முடியும் தேதி, காப்பீடு முடியும் தேதி, புகைச் சான்று முடியும் தேதி.

கூடிப் பேசுவோம்

“பக்கத்தில்தானே போகிறோம்” என்று சொல்லி நாம் விட்டுவிடும் காரியங்கள் எவை? உங்கள் தெருவில் அப்படி யாருக்காவது அடிபட்டது உண்டா? கற்போர் வட்டத்தில் சொல்லுங்கள்.